கரண்ட் எட்டாத இடத்தில் அலங்கார விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் நிறைவடையும்போதே குமரி மாவட்டத்தில் வீட்டு முற்றங்களில் நட்சத்திரம் ஏறத் தொடங்கிவிடுகிறது. அடுத்து குடில், கரோல், பின்னர் ஊர் ஊராகக் கோயில் கொடை விழா, மாசியில் மண்டைக்காடு பகவதியம்மன் விழா என்று விளக்குக் காலம் நீள்கிறது. மின்கம்பம் எட்டாத விளையிலும் (தோப்பிலும்), ரப்பர் தோட்டத்து ஓரத்தில் சிலுவை வைத்த குருசடியிலும், கடற்கரை மணலிலும் பேட்டரி வைத்து விளக்கு எரிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஓரக் குருசடியில் குடில் கட்டுகிறோம். அங்கே கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி புதிதாக ஒன்று இருக்கிறது. 5 மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட் (பட்டை விளக்கு) சுருளும் வாங்கியாகிவிட்டது. மாலை 6 மணி முதல் 11 மணி வரை எரியுமா? – குலசேகரம்

பதில்: முழுச் சுருளையும் போட்டால் எரியாது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் மங்கிவிடும். பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அணைக்க வேண்டியிருக்கும்.

கணக்கு இதுதான். மீட்டருக்கு 60 பல்பு உள்ள சாதாரண ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும். 5 மீட்டருக்கு 24 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். 7 ஏ.எச். என்றால் 7 ஆம்பியர் ஒரு மணி நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரிக்காரர்கள் அந்த எண்ணை 20 மணி நேரக் கணக்கில் போடுகிறார்கள். அதாவது 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் 20 மணி நேரத்தில் 7 கிடைக்கும். வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும். 2 ஆம்பியரில் ஐந்து, ஐந்தரை கிடைத்தாலே பெரிது. அதையும் முழுக்க உறிஞ்சக் கூடாது. ஈய பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் ஏறத்தாழ 200 முறையில் அதன் ஆயுள் முடியும். பாதியோடு நிறுத்தினால் அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும்.

சுருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஸ்ட்ரிப்பில் மூன்று பல்புக்கு ஒருமுறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கத்தரிக்கோல் குறி இருக்கும். அந்தக் கோட்டில் 2 மீட்டர் அளந்து வெட்டுங்கள். இழுப்பு 0.8 ஆம்பியராகக் குறையும். 5 மணி நேரத்துக்கு 4 ஏ.எச்., பாதிக்குச் சற்று மேல். அன்றிரவே அல்லது மறுநாள் காலையிலேயே சார்ஜில் போட்டுவிட்டால் பாதகமில்லை. குடிலுக்கு 2 மீட்டர் தாராளம். ஸ்ட்ரிப்பை வெளியே தெரியும்படி ஒட்டாமல் கூரை விளிம்பின் உட்புறம் ஒட்டி, வெளிச்சம் வைக்கோலில் பட்டுத் திரும்பும்படி விடுங்கள். மஞ்சள் சாயல் உள்ளதே குடிலுக்குப் பொருந்தும். 5 மீட்டரும் வேண்டும் என்றால் இடையில் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் ஒன்று போட்டு 40 சதவீதத்தில் வையுங்கள், அதுவும் 0.8 ஆம்பியர்தான். கண்ணுக்கு வெளிச்சம் அந்த அளவு குறைந்ததாகத் தெரியாது.

எதை வாங்கும் முன்பும் ஆம்பியரை அளந்து பாருங்கள். அட்டையில் போட்ட வாட்டும் உள்ளே ஓடும் ஆம்பியரும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். கறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். குமிழை 10 ஆம்பியர் டி.சி.க்குத் திருப்புங்கள். ஸ்ட்ரிப்பின் கறுப்பு வயர் நேராகப் பேட்டரி மைனஸுக்கு. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸிலும், கறுப்பு முனையை ஸ்ட்ரிப்பின் சிவப்பு வயரிலும் வையுங்கள். விளக்கு எரியும், எண் நிற்கும், குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டு அடுத்த முறை வோல்ட் பார்க்கப் பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட்: முனை பொறி பறந்து கருகும். மலிவான பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது.

கேள்வி: கடையில் வாங்கிய சீரியல் செட்டை பைக் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பல்புகூட எரியவில்லை. காரில் வைக்கும் சின்ன இன்வெர்ட்டர் வாங்கினால் எரியுமா? – மார்த்தாண்டம்

பதில்: செட்டும் பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டு பிளக்கில் போடும் செட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். சிவப்பு, மஞ்சளுக்கு 2 வோல்ட். அப்படி ஐம்பது பல்பு வரிசையாக நின்றால் 12 வோல்ட் எந்த மூலைக்கு? ஒரு வரிசையில் மூன்று வெள்ளைப் பல்பைத்தான் 12 வோல்ட் எரிக்கும். ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாக வெட்டக் குறி இருப்பதும் இதனால்தான்.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்றே சொல்வோம். விளக்கு எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே சின்ன இன்வெர்ட்டர் அரை ஆம்பியர்வரை தின்னும். 5 வாட் செட்டுக்கு அதே அளவு தண்டம். அதன் வெளியீடு சதுர அலை. சீரியல் செட்டின் பெட்டிக்குள் மின்தேக்கி வைத்து வோல்ட்டைக் குறைக்கும் அமைப்பு இருந்தால், அந்த அலையில் கரண்ட் துள்ளிப் பாய்ந்து பெட்டி சூடேறிக் கெடும். எல்லாவற்றுக்கும் மேல், மழை நனைத்த தோட்டத்தில் குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு 230 வோல்ட்டை நாமே கொண்டுபோய் வைக்கிறோம். பேட்டரி வைத்ததன் பெரிய நன்மையே அதில் போய்விடும்.

சோல்டரிங் தெரிந்தவர் அருகில் இருந்தால் அதே செட்டை 12 வோல்ட்டுக்கு மாற்றலாம். முதலில் பிளக்கையும் கன்ட்ரோல் பெட்டியையும் வெட்டித் தூர எறியுங்கள். இந்த வேலையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பிளக் இருந்தால் யாராவது ஒருவர் சுவரில் செருகியே தீருவார். பிறகு வெள்ளைப் பல்புகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு 220 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் சேருங்கள். பேட்டரி 12.6, பல்புகள் மூன்றும் 9.3, மிச்சம் 3.3 வோல்ட், 220-ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர். சிவப்பு, மஞ்சள் என்றால் நான்கு நான்காகப் பிரித்து 330 ஓம். பல்பின் பிளஸ் கால் அடுத்ததன் மைனஸ் காலில் சேரும்படி திசை பார்த்துக் கோக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அந்தக் கூட்டமே எரியாது. எல்லாக் கூட்டங்களையும் இரண்டு நீள வயருக்கு நடுவே ஏணிப்படி போல இணையுங்கள். 60 வெள்ளைப் பல்பு, 20 கூட்டம், மொத்தம் 0.3 ஆம்பியர். முன் கேள்வியில் சொன்ன 7 ஏ.எச். பேட்டரியில் பாதி இறங்கவே 11 மணி நேரம் ஆகும். இவ்வளவு சிக்கனம் கடையில் வாங்கும் ஸ்ட்ரிப்பில் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது போடும் விளக்கென்றால் வெள்ளைக்கும் 330 ஓம் வையுங்கள்; அப்போது பேட்டரியில் 14.4 வோல்ட்வரை ஏறும்.

பைக் பேட்டரியைக் கழற்றி இதற்குப் பயன்படுத்துவது நல்லதல்ல. அது ஒரு கணம் வேகமாகக் கொடுத்து உடனே நிரம்பிக்கொள்ளச் செய்யப்பட்டது. ராத்திரி முழுக்க இறக்கினால் சீக்கிரம் கெடும்.

கேள்வி: 12 வோல்ட்தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காது. இதற்குப் போய் ஃபியூஸ் எதற்கு? – இரணியல்

பதில்: ஷாக்குக்காக அல்ல, தீக்காக. வீட்டில் ஒரு கோளாறு என்றால் மீட்டர் பெட்டியில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் தானாக விழும். பேட்டரிக்குள் அப்படி எதுவும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் 7 ஏ.எச். பேட்டரியின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். நூல் போன்ற விளக்கு வயர் சில நொடிகளில் சிவந்து, மேலுறை உருகிச் சொட்டும். கீழே இருப்பது காய்ந்த வைக்கோல், ஓலை, பஞ்சு, கலர்த்தாள்.

கார் உதிரிபாகக் கடையில் பிளேடு ஃபியூஸும் அதற்கான வயர் வைத்த கூடும் கேளுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது வர வேண்டும். விளக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. அளவு, அளந்த ஆம்பியரைப் போல ஒன்றரை மடங்காவது: 0.8 ஆம்பியருக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ், சாம்பல் நிறம். 2 ஆம்பியருக்கு 3, ஊதா. 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 10 சிவப்பு. அடிக்கடி போகிறதென்று பெரியதை மாட்டாதீர்கள். ஆணி வெட்டிய இடத்தையோ வயர் நசுங்கிய இடத்தையோ தேடுங்கள்.

கேள்வி: பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா? – கொல்லங்கோடு

பதில்: மரப்பெட்டியிலும் பழைய ரப்பர் கூட்டிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் கூட்டில் அப்படி இறங்காது. மழைத்தண்ணீர் ஓடும் தரை என்றால் மட்டும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கேள்வி: விளைக்குள் இருக்கும் எங்கள் கோயிலில் கொடைக்குக் கலர் மாறும் ஸ்ட்ரிப் போட்டோம். பேட்டரி பந்தலில், கோயில் அங்கிருந்து 20 மீட்டர். வெள்ளை வைத்தால் முதல் ஒரு மீட்டர் சுமாராகவும் மீதி செம்மஞ்சளாகவும் எரிகிறது. ஸ்ட்ரிப் போலியா? – தக்கலை

பதில்: ஸ்ட்ரிப்பில் குறை இருக்க வாய்ப்பில்லை. வோல்ட் வழியிலேயே செலவாகிறது. கலர் ஸ்ட்ரிப்பில் மூன்று சிவப்புக்கு 6 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். போய்ச் சேருவது 9-ஐ ஒட்டி இருந்தால் நீலமும் பச்சையும் சோர்ந்துவிடும், சிவப்பு மட்டும் நின்று எரியும். வெள்ளை செம்மஞ்சளாவது அதனால்தான்.

உங்களிடம் இருப்பது பெரிய பல்பு வைத்த வகையாக இருந்தால் வெள்ளையில் மீட்டருக்கு 14.4 வாட், 5 மீட்டருக்கு 72 வாட், 6 ஆம்பியர். வழியில் எவ்வளவு இழப்பு என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு: தூரத்தை இரண்டால் பெருக்குங்கள் (கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்). அதை 0.018-ஆலும் ஆம்பியராலும் பெருக்கி, வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுங்கள். வருவது இழந்த வோல்ட். 20 மீட்டர், 6 ஆம்பியர், சாதாரண 0.5 சதுர மி.மீ. வயர் என்றால் 8.6 வோல்ட் வருகிறது. அதாவது 6 ஆம்பியர் அந்த வயரில் போகவே வழியில்லை. ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் போய்ச் சேர்ந்து அரைகுறையாக எரிகிறது. 2.5 சதுர மி.மீ. போட்டாலும் 1.7 வோல்ட் போகும். நாங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லும் எல்லை அரை வோல்ட்.

ஆகவே வயரைப் பெரிதாக்கிக் காசைக் கொட்டாமல் பேட்டரியைக் கோயிலடிக்கு நகர்த்துங்கள். கம்பத்திலிருந்து இழுக்கும் கரண்டுக்குத்தான் வழி வேண்டும். பேட்டரியை விளக்கின் காலடியிலேயே வைக்கலாம். பந்தலுக்கும் கோயிலுக்குமாக இரண்டு சின்னப் பேட்டரி வைப்பது ஒரு பெரிய பேட்டரியும் நீள வயரும் வைப்பதைவிட நன்றாக வேலை செய்யும். தூரம் தவிர்க்கவே முடியாது என்றால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக அனுப்பி, கோயிலடியில் 12-ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் பலகை வையுங்கள். ஆம்பியர் பாதியாகும், இழப்பும் பாதியாகும்.

ஸ்ட்ரிப்புக்குள்ளேயும் இழப்பு உண்டு. அதன் செம்புத் தகடு மிக மெல்லியது. 5 மீட்டரை ஒரு முனையில் கொடுத்தால் கடைசி மீட்டர் மங்கும். இரு முனையிலும் கொடுங்கள், அல்லது நடுவில் கொடுங்கள்.

வயர் வாங்கும்போது ஒரு சோதனை: முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் செம்பைப் போல ஒன்றரை மடங்கு தடை. சோல்டர் ஈயமும் சரியாகப் பிடிக்காது, இரண்டு முறை வளைத்தால் ஒடியும்.

கேள்வி: கரோல் போகும்போது கம்பில் பிடிக்கும் நட்சத்திரத்துக்கு பவர் பேங்க் வைத்தோம். அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் எரியும், மறுபடி அணையும். – அருமனை

பதில்: நட்சத்திரம் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. போன் நிரம்பிவிட்டது என்று எண்ணி பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. பல பவர் பேங்குகளில் 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் இப்படி நடக்கும். இன்னொரு விளக்குச் சரத்தை இணையாகச் சேர்ப்பது எளிய வழி. இன்னொரு வழிக்கும் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். விளக்குக்கு இணையாக ஒரு 68 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வைத்தால் அது 74 மில்லி ஆம்பியர் இழுத்து, நட்சத்திரம் இழுப்பதோடு சேர்ந்து பெரும்பாலும் பவர் பேங்கை விழித்திருக்க வைக்கும். கால் வாட் ரெசிஸ்டர் சுட்டுக் கருகும், ஆகவே 1 வாட் என்று கேட்டு வாங்குங்கள். சில பவர் பேங்குகளில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த கரண்டுக்கான நிலை வரும். கூட வந்த தாளைப் பாருங்கள்.

10000 என்று போட்ட பவர் பேங்கில் அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது சுமார் 6000 மில்லி ஆம்பியர்-மணிதான். 1 ஆம்பியர் இழுக்கும் பெரிய நட்சத்திரம் என்றால் ஐந்து, ஆறு மணி நேரம். ஒரு ராத்திரிக்கு அது போதும்.

பவர் பேங்கை நட்சத்திரத்தோடு உச்சியில் கட்டாதீர்கள். கம்பு பிடிப்பவருக்குத் தோள் வலிக்கும், தூறலிலும் நனையும். இடுப்புப் பையில் வைத்து வயரைக் கம்போடு ஏற்றுங்கள். இதற்கு மெல்லிய யு.எஸ்.பி. வயர் ஆகாது: இரண்டரை மீட்டருக்கு 1 ஆம்பியர் போனால் 5 வோல்ட்டில் ஒன்று காணாமல் போய்விடும். யு.எஸ்.பி. முனையை மட்டும் வெட்டி எடுத்து, அதில் 0.5 சதுர மி.மீ. வயரைச் சோல்டர் செய்து இழுங்கள், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும்.

கேள்வி: கடற்கரையில் போட்ட விளக்குகள் இரண்டு வாரத்தில் ஒன்றொன்றாக அணைந்துவிட்டன. பல்பை மாற்றியும் பயனில்லை. – தேங்காப்பட்டணம்

பதில்: இணைப்பில் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பசை இளகிக் கையில் ஒட்டும். உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடி பூத்திருக்கும். சில கறுத்து, தொட்டதும் உதிரும். இரண்டு வயரில் எது மோசம் என்று கவனியுங்கள், பெரும்பாலும் பிளஸ். உப்பு ஈரம் இரண்டு வயருக்கும் நடுவே பாலம் போட்டுவிடுகிறது, டி.சி. கரண்ட் ஒரே திசையில் ஓடுவதால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகிறது. விளக்கை அணைத்தாலும் அந்த இணைப்பில் வோல்ட் இருந்தால் கரைவது நிற்காது. அதனால் சுவிட்சைப் பேட்டரியடியில், பிளஸ் வயரில் வையுங்கள்.

கடலோரத்தில் முறுக்கி டேப் ஒட்டும் இணைப்பு உதவாது. சோல்டர் செய்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஏற்றிச் சூடுகாட்டுங்கள். இரு முனையிலும் பசை பிதுங்கி வந்தால்தான் அடைத்தது என்று பொருள். வயரை இணைப்புக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகும். மேலே ரப்பர் பூசிய ஸ்ட்ரிப்பை வெட்டினால் வெட்டிய வாய் திறந்துதான் இருக்கும். மூடி போட்டு சிலிக்கான் வைக்க வேண்டும். அந்த சிலிக்கானைப் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் கண்ணாடிக்குப் போடும் வகை. அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கான் என்று கேளுங்கள். பேட்டரி முனைகளை முதலில் இறுக்கி, பிறகு மேலே வாசலின் பூசுங்கள். விழா முடிந்ததும் சரங்களை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திய பிறகே சுருட்டி வையுங்கள்.

கேள்வி: ஈய பேட்டரியா, லித்தியமா? – கருங்கல்

பதில்: ஆண்டுக்குப் பத்து நாள் எடுப்பதென்றால் ஈயம் போதும். அடிக்கடி எடுப்பவர், தோளில் சுமப்பவர் லித்தியம் அயன் பாஸ்பேட் வாங்கலாம். 12.8 வோல்ட், 6 ஏ.எச். பேட்டரி ஒரு கிலோவுக்குள் இருக்கும். அதில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்பதால் 12 ஏ.எச். ஈய பேட்டரிக்குச் சமம். வெளிச்சம் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். ஆனால் முடியும்போது மங்கிக் காட்டாமல் சட்டென்று அணையும், கையில் டார்ச் இருக்கட்டும். சார்ஜர் அதற்கே உரிய 14.6 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப் செல்களைப் பாதுகாப்புப் பலகை இல்லாமல் அடுக்கி டேப் சுற்றியதை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குடிலுக்குள் வைக்கும் பொருள் அல்ல அது.

கேள்வி: டிசம்பர் மழையில் சோலார் பலகை வைத்துப் பேட்டரியை நிரப்ப முடியுமா? – பேச்சிப்பாறை

பதில்: ஓரளவு முடியும். மேகமும் வெயிலும் கலந்த நாளில் 20 வாட் பலகையிலிருந்து 4 ஏ.எச். அளவு எதிர்பார்க்கலாம். முன்பு சொன்ன 2 மீட்டர் ஸ்ட்ரிப்பின் ஒரு ராத்திரிச் செலவு அது. விடாமல் மழை பெய்தால் அதில் கால்வாசியும் வராது. ஆகவே இரண்டு ராத்திரிக்கான பேட்டரி கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து வருகிறது. பலகையைத் தெற்கு நோக்கி 25 முதல் 30 பாகை சாய்த்து வையுங்கள். மரநிழலை மிகவும் கவனியுங்கள்: பலகையின் ஒரு மூலையில் இலைக்கொத்தின் நிழல் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும், ஏனென்றால் செல்கள் தொடராக இருக்கின்றன. பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை, பிறகுதான் பலகையை இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பலகை. விளக்கை கன்ட்ரோலரின் லோட் முனையில் கொடுத்தால் பேட்டரி அதிகம் இறங்கும் முன் அதுவே அணைத்துவிடும்.

கேள்வி: சப்பரத்துக்கு ஜெனரேட்டர் வண்டியை விட்டுவிட்டுப் பேட்டரிக்கு மாறலாம் என்று பேசுகிறோம். – மணவாளக்குறிச்சி

பதில்: மாறலாம். சத்தமும் புகையும் போகும். 12 வோல்ட் விளக்குகள் மொத்தம் 10 ஆம்பியர், பவனி 4 மணி நேரம் என்றால் 40 ஏ.எச். செலவு, 100 ஏ.எச். பேட்டரி வைத்தால் கவலையில்லை. எடை சுமார் 30 கிலோ என்பதால் தோளில் தூக்கும் சப்பரத்தில் அதை இரண்டு 50 ஏ.எச். ஆகப் பிரித்து, வலமும் இடமும் தனித்தனி விளக்கு வரிசைக்கு, தனித்தனி ஃபியூஸோடு கொடுங்கள். ஒன்று போனாலும் மற்றது எரியும். வீட்டு இன்வெர்ட்டரின் அமில பேட்டரி வேண்டாம், சப்பரம் சாயும்போது சிந்தும். மூடிய வகை வாங்குங்கள். அதையும் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கக் கூடாது.

பேட்டரி வைத்தாலும் தலைக்கு மேல் போகும் மின்கம்பி அங்கேயேதான் இருக்கிறது. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். பூவும் விளக்கும் குடையும் ஏற்றிய பிறகு உச்சிவரை உயரத்தை அளந்து, பாதையில் உள்ள ஒவ்வொரு கம்பியையும் குறித்து, மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பியை மூங்கிலால் தூக்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நனைந்த மூங்கிலில் கரண்ட் பாயும். யாரையும் அதற்கு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பேட்டரி அடுத்த கிறிஸ்துமஸுக்குச் செத்துக் கிடக்கிறது. இரண்டு வருடமாக இதே கதை. – நாகர்கோவில்

பதில்: விழா முடிந்த இரவு இறங்கிய நிலையிலேயே பரணில் ஏற்றியிருப்பீர்கள். இறங்கிய ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகமாக இறுகிவிடும். சில வாரம் போனால் சார்ஜர் அதைக் கரைக்காது. விளக்கை எடுத்து வைக்கும் அன்றே 14.4 வோல்ட் சார்ஜரில் நிரப்புங்கள். 7 ஏ.எச்.க்கு 0.7 ஆம்பியர் போதும், 2-க்கு மேல் வேண்டாம். கார் பேட்டரிக்கான 10 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் உள்ளே ஈரம் ஆவியாகி பேட்டரி உப்பிவிடும்.

நிரப்பிய பிறகும் சும்மா இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். விளக்கோ சார்ஜரோ இணைக்காமல் சில மணி நேரம் வைத்த பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12.5-க்குக் கீழே வந்தால் மறுபடி சார்ஜ். பார்த்த தேதியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. நிரம்பிய 7 ஏ.எச். பேட்டரியும் அரை மீட்டர் ஸ்ட்ரிப்பும் ஓர் அறைக்குப் பல இரவு வெளிச்சம் தரும்.

செத்த பேட்டரியைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடம் உடைக்கக் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்காக விலையில் கழிப்பார்கள்.